மரத்திடம் சொன்ன சொல்லும் மைனாப் பெட்டிகளும்

1. எழுபத்து நாலாம் நம்பர் புளி

நான் மேஸ்திரியாகக் கற்பூரம் ஏற்றிய முதல் மரம் எழுபத்து நாலாம் நம்பர் புளி. பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கம் போகும் ஒரு சாலையை அகலப்படுத்த இரண்டு ஓரத்து மரங்களுக்கும் பட்டையைச் செதுக்கி, வெள்ளை அடித்து, நம்பர் போட்டிருந்தார்கள். நம்பர் விழுந்த மரம் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் பெரம்பலூரில் மரவாடி வைத்திருந்தவர். எங்கள் கோஷ்டிக்கு அவர்தான் முதலாளி.

அதற்கு முன் ஒன்பது வருடம் அதே கோஷ்டியில் நான் வடக்கயிறு பிடிக்கிறவன். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டுவது என் வேலை. பழைய மேஸ்திரி முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருந்துவிட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவன், நம்பர் பார்த்து நோட்டில் எழுதுவேன், சாமி கும்பிடுகிறவன், குடிக்க மாட்டேன். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மரத்தை வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மேஸ்திரி அதன் தூரில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றுவார். கோடாலியை மரத்தில் சாத்தி வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, வாய்விட்டுச் சொல்வார். காலையில் கோடாலி சாத்தியபடி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். விழுந்து கிடந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுவோம். அந்தச் சொல்லை மேஸ்திரியைத் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாது. மேஸ்திரி சொல்லாத மரத்தில் கோஷ்டி கை வைக்காது. ஒன்பது வருடமாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் என் வாயால் சொன்னேன்.

“இந்த மரத்துல குடியிருக்கற சீவராசிங்க, கண்ணுக்குத் தெரிஞ்சதும் தெரியாததும், எங்க மேல கோவப்படாதீங்க. நாளைக்குக் காலையில வெட்டப் போறோம். வேற எடம் பாத்துப் போயிடுங்க.”

காலையில் கோடாலி வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு நிம்மதி. எங்கள் கோஷ்டியில் மரம் ஏறிக் கிளை கழிக்கிறவன் சின்னதுரை. அவன் ஏறிக் கவட்டையில் கயிறு கட்டினான். இரண்டு மைனாக்கள் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. மரம் வெட்டும்போது பறவை கத்துவது எங்களுக்குப் புதிதல்ல. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு மணி வாக்கில் மரம் சாய்ந்தது. மேற்கே நீட்டிக்கொண்டிருந்த கிளைக்குள் பொந்து இருந்தது. தரையில் மோதியதும் நெடுக்கப் பிளந்து திறந்துகொண்டது.

உள்ளே மூன்று மைனாக் குஞ்சுகள். இறகு பாதிதான் முளைத்திருந்தது. இரண்டு, விழுந்த வேகத்திலேயே போய்விட்டன. மூன்றாவதைச் சின்னதுரை தலைத்துண்டில் சுருட்டி நிழலில் வைத்து, டீயில் நனைத்த பன்னைப் பிய்த்து ஊட்டப் பார்த்தான். மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது அதுவும் போய்விட்டது.

ஆனால் என் மனதில் தங்கியது வேறு. மரம் விழுந்து கிடக்கிறது. குஞ்சுகள் கீழே கிடக்கின்றன. பெரிய மைனாக்கள் இரண்டும் கீழே வரவில்லை. வாயில் வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு, பொந்து இருந்த அதே உயரத்துக்கு, வெறும் காற்றில் வந்து வந்து நின்றன. சிறகடித்து ஒரு நொடி நிற்கும். உட்கார இடமில்லாமல் திரும்பும். மறுபடி அதே இடத்துக்கு வரும். சாயங்காலம் வரைக்கும் அப்படியே செய்தன.

லோடு ஏற்ற வந்த முதலாளி அதைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலைக்காரர். “மைனாதான மேஸ்திரி. காக்கா குருவிக்கெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா ரோடு போட முடியுமா? எழுபத்தஞ்சுக்குக் கெளம்புங்க” என்றார்.

கிளம்பினோம்.

2. சரோஜா கேட்டது

குரும்பலூரில் எங்கள் வீடு. வேலை முடிந்து குளித்து, விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். அன்றைக்கு விளக்கு முன்னால் நின்றும் ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி சரோஜா, என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

“வேற எடம் பாத்துப் போங்கன்னு சொன்னீங்க. எல்லா மரத்தையும்தான் வெட்டறீங்க. எந்த எடத்தப் பாத்துப் போகும்?”

“அது வழக்கமாச் சொல்றது.”

“கற்பூரத்த ஏத்திக்கிட்டு வழக்கத்துக்குன்னு சொல்லுவாங்களா?”

அவள் குத்திக் காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

மறுநாள் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். பொந்து உள்ள மரம் எல்லாம் பழைய மரம். பழைய மரம் எல்லாம் சாலை ஓரத்தில். சாலை ஓரத்து மரம் அத்தனைக்கும் நம்பர். உள்ளே தள்ளிப் போனால் தைல மரமும் சீமைக் கருவேலும்தான். வேம்பு இருந்தது, ஆனால் எல்லாம் வயதில் சின்னது. பொந்து விழ ஒரு மரத்துக்கு நம் ஆயுசைவிட அதிகம் ஆகும். மரவாடியில் பொந்து மரத்துக்குக் கழிவு என்று பேர். அடுப்புக்குத்தான் போகும். அந்தக் கழிவில்தான் இவ்வளவு நாளும் குடித்தனம் நடந்திருக்கிறது.

சின்னதுரையிடம் இதைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னான்.

“பேசாம ஒண்ணும் சொல்லாம வெட்டிடுவோம் மேஸ்திரி. போன்னு சொன்னாத்தான எங்க போறதுன்னு கேள்வி வரும்?”

கோஷ்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் எழுபத்தாறாம் மரத்தின் முன்னால் கற்பூரத்தோடு நின்றபோது, “வேற எடம்” என்கிற இடத்தில் என் நாக்கு தடுமாறியது. நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற சொல். இடம் இல்லாத ஊரில் வேறு இடம் பார் என்று சொல்வது பொய்தானே? அந்தப் பொய்யைச் சொல்வது என் வேலையில் ஒரு பாகமாக இருந்தது.

3. தொட்டில் போல

பதினாறு வயதில் இரண்டு வருடம் ஒரு மரப் பட்டறையில் இழைப்புளி தள்ளியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் என் கையால் உருப்படியாகச் செய்தவை இரண்டு. ஒன்று வீட்டில் இருக்கும் சாமி அலமாரி. இன்னொன்று என் மகள் பிறந்தபோது செய்த தொட்டில். மூன்றாவதாகப் பெட்டி செய்வது என்று தீர்மானித்தேன். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் பொந்து.

முதலாளியிடம் துண்டுப் பலகை கேட்டேன். விஷயத்தைக் கேட்டு, மரவாடியில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு, “வேணுங்கறத எடுத்துக்குங்க மேஸ்திரி. அப்படியே அட்டாச்டு பாத்ரூமும் வச்சுக் குடுத்துடுங்க” என்றார்.

தை மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆறு பெட்டி செய்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட உயரம், ஒரு சாண் அகலம். முன்பலகையில் மேலாக, கை நுழைகிற அளவுக்கு வட்டமாக வாசல். மழை இறங்காமல் இருக்க முன்பக்கம் சரிந்த மூடி. மூடிக்குக் கீல் வைத்தேன், வருடத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யலாம் என்று.

உள்பக்கத்துக்குத்தான் அதிகம் பாடுபட்டேன். தொட்டில் செய்தபோது பிள்ளையின் காலில் ஒரு சிராய் ஏறிவிடக் கூடாதே என்று எப்படி இழைத்தேனோ, அப்படி இழைத்தேன். இழைத்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புறங்கையால் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். வேலைக்குக் கொண்டுபோய்க் கோஷ்டிக்குக் காட்டினேன். ஒவ்வொருவராக உள்ளே கை விட்டுப் பார்த்துவிட்டு, என்ன வேலைப்பாடு மேஸ்திரி என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே வீண்.

சரோஜா ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வாசல் கிழக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

நாலு பெட்டியை ஏரிக்கரை மரங்களில் கட்டினோம். இரண்டை அஞ்சலை வீட்டு வேம்பில். அஞ்சலை சாலை ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவள். எங்கள் கோஷ்டிக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். கடைக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி அவள் வீடு, வாசலில் வேம்பு. நம்பர் விழாத மரம்.

“எங்க வூட்டு ஓடு மாத்த நாலு வருசமா ஆள் கெடைக்கல. மைனாவுக்குப் பாருங்க, வூடு தேடி ஆசாரி வந்துட்டாரு” என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னதுரை ஆணியை எடுத்ததும்தான் ஓடி வந்தாள். “ஆணி அடிக்கக் கூடாது. மாரியாத்தா நிக்கற மரம்ணே அது.” ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினோம்.

சித்திரை பிறந்ததும் அஞ்சலை எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். “உங்க வூட்டுக்கு ஆள் வந்தாச்சுண்ணே. வைக்கோலும் என் பழைய பாலிதீன் கவரும் உள்ள போயிருக்கு.” போய்ப் பார்த்தேன். வேம்பில் ஒரு பெட்டியில் ஒரு ஜோடி மைனா. ஏரிக்கரையில் இன்னொரு பெட்டியில் இன்னொரு ஜோடி. பிறகு குஞ்சு கத்தும் சத்தமும் கேட்டது.

அந்த வருடம் நான் எத்தனையோ மரத்தின் முன்னால் நின்று, “வேற எடம் பாத்துப் போயிடுங்க” என்று தடுமாறாமல் சொன்னேன். வைகாசிக் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலை ஏறினேன். கையில் கரும்போடு நிற்கிற முருகன் முன்னால் நின்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய் அப்பா என்று கண்ணில் தண்ணீர் வர நன்றி சொன்னேன்.

4. மூடியைத் திறந்தபோது

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துப் பெட்டிகளைச் சுத்தம் செய்யப் போனேன். குஞ்சுகள் பறந்திருக்கும், பழைய வைக்கோலை எடுத்துவிட்டால் அடுத்த ஜோடிக்கு ஆகும் என்று நினைப்பு. அஞ்சலை வீட்டு வேம்பில் ஏணி போட்டு ஏறி மூடியைத் திறந்தேன்.

குஞ்சுகள் பறக்கவில்லை. மூன்றும் உள்ளேதான் இருந்தன. எறும்பு தின்றது போக இறகும் எலும்பும்தான் மிச்சம். முட்டையிலிருந்து வந்த கையோடு செத்தவை அல்ல. சிறகு இறகு ஒவ்வொன்றும் என் விரல் நீளத்துக்கு முழுதாக வளர்ந்திருந்தது. பறக்க வேண்டிய பருவத்தில் செத்திருக்கின்றன.

வாசலுக்குக் கீழே, உள்பலகையில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கோடு கோடாகக் கீறல். நகக் கீறல். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. நான் இழைத்த இழைப்பு அப்படியே பளபளவென்று இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்தாள். அவளாகவே சொன்னாள்.

“நாலு நாள் கத்துச்சுண்ணே. தாயி வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, வாயில இரைய வச்சுக்கிட்டு, உள்ள குடுக்காம, வெளிய வா வெளிய வான்னு கூப்பிட்டுது. உள்ளேருந்து சரசரன்னு சத்தம் வரும். ஏறி ஏறி விழும் போல. நான் வெளையாடுதுன்னு நெனச்சேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சு. சரி, பறந்துட்டுதுன்னு இருந்துட்டேன்.”

ஏரிக்கரைப் பெட்டியையும் போய்த் திறந்தேன். அங்கேயும் அப்படியே மூன்று.

சத்தம் நின்றது எந்த நாள் என்று அஞ்சலையிடம் கேட்டேன். வைகாசிக் கிருத்திகையை ஒட்டித்தான். நான் மலையில் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் செய்த பெட்டிக்குள் அவை ஏறி ஏறி வழுக்கி விழுந்துகொண்டிருந்திருக்கின்றன.

5. வழுக்கு மரம்

அடுத்த கிருத்திகைக்கு நான் மலைக்குப் போகவில்லை. காலில் வலி என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தான் மட்டும் போய் வந்து திருநீற்றை என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

கோஷ்டியிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. சொல்லியே ஆக வேண்டும் என்று பட்டது. பெட்டிக்குள் கைவிட்டு மெச்சினவர்கள் அவர்கள். ஒரு பெட்டியை அவிழ்த்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எப்போதும் கேலி பேசுகிறவன் சின்னதுரை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே விரலை விட்டு அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“ஊர்ல திருவிழாவுல வழுக்கு மரம் நடுவாங்கல்ல மேஸ்திரி” என்றான். “எண்ணெயத் தடவி, மேல பரிசத் தொங்கவிட்டு. எத்தன வருசம் நான் ஏறப் பாத்திருக்கேன். பனை ஏறுவேன், புளி ஏறுவேன், வழுக்கு மரத்துல ஏற முடியாது. நீங்க வழுக்கு மரத்து உச்சியில வாசல் வச்சுட்டீங்க.”

பிறகு, “என்னைக் கேட்டிருக்கலாம்” என்றான். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “ஏறறவன்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

உண்மைதான். நான் என் கையைக் கேட்டேன். குஞ்சின் காலைக் கேட்கவில்லை. எழுபத்து நாலாம் மரத்துப் பொந்து பிளந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உள்ளே மேடும் பள்ளமுமாக, உளுத்து, சொரசொரவென்று இருந்தது. அது கழிவு என்று நினைத்தேன். அது குஞ்சுக்குப் படிக்கட்டு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சின்னதுரை உயரமான மரங்களில் ஏறும்போது அரிவாளால் கொத்திக் கொத்திக் கால் வைக்கப் படி வெட்டிக்கொள்வான். அதே மாதிரி செய்வோம் என்றான். மற்ற ஐந்து பெட்டியையும் அவிழ்த்துக் கொண்டுவந்தோம். பலகையைப் பிரித்து, உளியும் கொட்டாப்புளியும் வைத்து, அடியிலிருந்து வாசல் வரைக்கும் அரை விரல் இடைவெளியில் குறுக்குக் குறுக்காகக் கொத்தினேன். நான் மெனக்கெட்டு இழைத்த பலகையை நானே கொத்திக் கெடுத்தேன். சின்னதுரை தன் சுட்டுவிரல் நடுவிரல் இரண்டையும் குஞ்சின் கால் மாதிரி வைத்து, படிப் படியாக ஏற்றிப் பார்த்து, இந்த இடத்தில் வழுக்குது, இந்த இடத்தில் ஆழம் போதாது என்று சொல்லிக்கொண்டே வந்தான். சிரிப்பாகத்தான் இருக்கும் பார்க்கிறவர்களுக்கு. நாங்கள் சிரிக்கவில்லை. பெட்டிகளைப் பழைய இடங்களிலேயே திரும்பக் கட்டினோம்.

இன்னொரு காரியமும் செய்தோம். அதுமுதல், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் சின்னதுரை ஏறி ஒவ்வொரு பொந்திலும் பார்த்துவிடுவான். குஞ்சு இருந்தால் அந்த மரத்தை வரிசையில் பின்னால் தள்ளிவிடுவேன். இரண்டு மரம் முன்னே, இரண்டு மரம் பின்னே, முதலாளிக்குத் தெரியாமல் போயிற்று.

6. கோடாலி சாத்தாத மரம்

மறு வருடம் வைகாசி. அந்தச் சாலையில் எங்கள் வேலை முடியும் தறுவாய். பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரே ஒரு மரம் நின்றது. அஞ்சலை கடைக்கு எதிரே நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் இலுப்பை. இனி அதைத் தள்ளி வைக்கப் பின்னால் மரம் இல்லை. ஏறிப் பார்த்த சின்னதுரை, நாலு விரலைக் காட்டிக்கொண்டே இறங்கினான். நாலு குஞ்சு. கண் திறந்திருக்கிறது, இறகு வரவில்லை. இரண்டு வாரமாவது ஆகும்.

முதலாளி வந்தார். ரோடு போடுகிறவர்களின் மெஷின் மறுநாள் அந்த இடத்துக்கு வருகிறது, இன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுங்கள், விடிந்ததும் மரம் கீழே இருக்க வேண்டும் என்றார்.

“வெட்ட வேணாம்னு சொல்லலிங்க மொதலாளி” என்றேன். “வேற எடம் பாத்துப் போங்கன்னு நான்தான் சொல்லணும். றெக்க இல்லாததுகிட்டப் போயி, போன்னு எப்படிங்க சொல்றது?”

“மேஸ்திரி, வெளையாடாதீங்க. நீங்க சொல்லலன்னா வேற ஆள் சொல்லுவான்.”

என் மகள் அப்போது பத்தாவது. மேஸ்திரி வேலை போனால் மறுபடி கயிறு பிடிக்கக்கூட அவர் என்னைக் கூப்பிடமாட்டார் என்று தெரியும். மடியில் இருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். யார் சொல்கிறார்களோ சொல்லட்டும் என்றேன்.

அவர் கோஷ்டியைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். “சின்னதுரை, நீ சொல்றா” என்றார்.

“எனக்கு வாய் கோணிக்கும் மொதலாளி” என்றான் அவன்.

முதலாளியின் அப்பா காலத்தில் சொல்லாமல் வெட்டிய ஒரு அரச மரத்தில் ஆள் விழுந்து ஊனமானதை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொட்டலத்தை அவர் தொடவில்லை.

ரோட்டுக்காரர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மெஷின் இலுப்பையைத் தாண்டிப் போய்த் தோண்டத் தொடங்கியது. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அஞ்சலை கடையில் டீ குடிக்க நின்றவர், தலையை உயர்த்தி இலுப்பையைப் பார்த்தார். அதன் பிறகு தினமும் வருவார். “கெளம்பிட்டாங்களா?” என்பார். அஞ்சலை விடமாட்டாள். “உங்க பேரப்புள்ளைங்க நல்லாருக்குது மொதலாளி. நேத்து பூரான் சாப்பாடு” என்பாள். அவர் முறைத்துவிட்டு டீயைக் குடிப்பார்.

அந்த நாட்களில்தான் ஒரு காலையில், இலுப்பைக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னை அஞ்சலை வீட்டுப் பக்கமிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். உதட்டில் விரல் வைத்திருந்தாள். வேம்புப் பெட்டியில் அந்த வருடமும் ஒரு ஜோடி குடியேறியிருந்தது. தாய் வாசலுக்கு எதிர்க் கிளையில் இரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே கொடுக்கவில்லை. வெளியே வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் மரத்தடியில் நின்றேன். பெட்டிக்குள் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சரக் என்றது, இந்தத் தடவை கொஞ்சம் மேலே. மறுபடி, இன்னும் மேலே. உளியை வைத்து நான் எங்கெங்கே கொத்தினேனோ, ஒவ்வொன்றாக என் மனதில் வந்தது. வாசலில் ஒரு மஞ்சள் அலகு தெரிந்தது. பிறகு தலை. பிறகு முழு உடம்பும் வாசல் விளிம்பில் உட்கார்ந்து, பெரிய மனிதர் மாதிரி எங்களைப் பார்த்தது. பறந்து போய்க் கிளையில் விழுந்து, பிடித்து, நிமிர்ந்தது. பின்னாலேயே இன்னொன்றின் சத்தம் உள்ளே.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இந்தத் தடவ வெளையாடலண்ணே” என்றாள்.

இலுப்பைக் குஞ்சுகள் அதற்குப் பிறகு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டன. நாலில் மூன்று கிளம்பின. ஒன்று என்ன ஆனது என்று தெரியவில்லை. சின்னதுரை ஏறிப் பார்த்துப் பொந்து காலி என்றான். முதலாளிக்கு ஆள் அனுப்பினேன். அவரே வந்தார். நான் மஞ்சள் தடவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் நின்றார். கோடாலியைச் சாத்தினேன். அந்தச் சாலையில் கடைசித் தடவையாகச் சொன்னேன். வழக்கமாகச் சொல்வது அல்ல.

“இந்த மரத்துல குடியிருந்த சீவராசிங்க எங்க மேல கோவப்படாதீங்க. நாளைக்குக் காலையில வெட்டப் போறோம். எதுத்தாப்புல அஞ்சலை வூட்டு வேம்புல ரெண்டு எடம் இருக்கு. ஏரிக்கரையில நாலு இருக்கு. உள்ள படி வெட்டியிருக்கு. பயப்படாமப் போங்க.”

அந்த இலுப்பை ஜோடி எந்தப் பெட்டிக்குப் போனது, போனதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மரம் விழுந்தபோது காற்றில் எதுவும் வந்து நிற்கவில்லை. அது மட்டும் தெரியும். அடுத்த கிருத்திகைக்கு மலை ஏறினேன். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் செத்த ஆறு குஞ்சுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு சாலைகளில் எத்தனையோ பெட்டி செய்துவிட்டேன். மைனாவுக்குச் செய்ததில் ஆந்தை வந்து உட்கார்ந்தது, அணில் வந்தது, கிளி வந்தது. வந்தவர்களைப் போ என்று சொன்னதில்லை. இப்போது மெஷின் ரம்பத்தோடு வேலைக்கு வருகிற தம்பிகள் சிலர் என்னிடம் பெட்டிக்கு அளவு கேட்டு வருகிறார்கள். அளவு சொல்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்கிறேன். மூடியை மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கைக்கு இதமாக இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.